ரோலண்ட் ஒட்டிவைத்த எண்கள்

ஜூலை 1, திங்கள்

கம்ப்யூட்டரின் ரேமை நோண்டுகிறவன் நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை அப்போதே எழுத வேண்டும். இல்லாவிட்டால் எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. இது ரோலண்ட் போட்ட சட்டம். அவன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

எண்களை மட்டும் எழுதத்தான் இந்த நோட்டை வாங்கி வரச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு சோதனையும் மணிக்கணக்கில் ஓடுகிறது. அதுவரை கட்டிலில் கிடந்து திரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

இரண்டாவது மாடி. முப்பத்தெட்டு படி. லிஃப்ட் கிடையாது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே நான்கு இரும்பு வளையம், அவற்றிலிருந்து கம்பிகள் எலும்புக்குள் நுழைந்து மறுபக்கம் வருகின்றன. விபத்தில் நாலரை சென்டிமீட்டர் எலும்பு போய்விட்டது. அதை இப்போது வளர்க்கிறோம். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஸ்பேனரால் நட்டைத் துளித் துளியாகத் திருப்பினால் ஒரு மில்லிமீட்டர் வளருமாம். மூன்று தடவை என் மனைவி கிளாடிஸ் திருப்புகிறாள். மதியம் அவள் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருப்பதால் நானே.

நானும் ரோலண்டும் தூத்துக்குடியில் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தினோம். இருப்பதிலேயே மலிவான மதர்போர்டு இரண்டை ஒரே நாளில் வாங்கினோம், ஆளுக்கொன்று. ரேமும் அப்படியே. ரேமின் மேல் 2666 என்று போட்டிருக்கும். அது கம்பெனி உறுதி தருகிற வேகம். அதற்கு மேல் யார் அதிகம் தள்ளுவது என்பதுதான் எங்கள் போட்டி. கூடவே டைமிங் என்று நான்கு எண்கள். ரேமிடம் ஒன்றைக் கேட்டால் எத்தனை துடிப்பு கழித்துப் பதில் வர வேண்டும் என்பதை அவை சொல்லும். எண்ணைக் குறைத்தால் பதில் சீக்கிரம் வரும். ரொம்ப அவசரப்படுத்தினாலும் வரும், ஆனால் தப்பாக வரும். இந்த மலிவு போர்டுகளில் அதற்கு மேல் திருகுவதற்கு ஒன்றும் கிடையாது.

இன்று: 2933, 18-20-20-40. எட்டு மணி நேரம். பிழை 0.

ரோலண்ட் 3200 தொட்டவன். நான் தொட்டதில்லை.

ஜூலை 3, புதன்

3000. திரையே வரவில்லை.

இப்படி ஆனால் போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டும், அப்போதுதான் பழைய நிலைக்குத் திரும்பும். கழற்றும்போது கை நழுவி, உருண்டு, பீரோவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் இருக்கும் இடத்திலிருந்து பளபளவென்று தெரிந்தது. காலை பத்து மணியிலிருந்து கிளாடிஸ் வந்த ஆறரை வரை அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஆறடி தூரம்.

ஜூலை 5, வெள்ளி

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா வருகிற நாள். ரோலண்டின் மனைவி. வாராவாரம் டிபன் கேரியரோடு முப்பத்தெட்டு படி ஏறி வருகிறாள்.

“விளமீன் கிடைச்சுதுண்ணே. முள்ளு பாத்துச் சாப்பிடுங்க. வலி எப்படி இருக்கு?”

“பரவாயில்ல ஜெசி.”

அவள் கால் வளையங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் பார்த்துவிட்டு ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்கிறாள். “எத்தனை தடவ சொல்லிருப்பேன் அவுககிட்ட, வண்டிய மெதுவா ஓட்டுங்கன்னு. கேட்டாவளா? தானும் போயி, உங்களையும் இப்படிக் கிடத்திட்டுப் போயிட்டாவளே. எங்களுக்காக நீங்கதான் மன்னிச்சுக்கணும்ணே.”

“அப்படியெல்லாம் சொல்லாத ஜெசி.” இதுவும் வாராவாரம்.

பைக் ரோலண்டுடையது. போலீஸ் பேப்பரிலும் ஓட்டியவர் ரோலண்ட் என்றுதான் இருக்கிறது. அதில் எழுத ஒன்றுமில்லை.

ஜெசிந்தா இருக்கும்வரை கிளாடிஸ் அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை. அந்த மீன் குழம்பையும் தொடுவதில்லை. வயிறு சரியில்லையாம். எட்டு வெள்ளிக்கிழமையாக அவளுக்கு வயிறு சரியில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து ஜெசிந்தாவும் அவள் அண்ணனும் ரோலண்டின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் மூச்சு வாங்க, கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

“ஆன் பண்ணுனா டக்கு டக்குன்னு சத்தம் வருதுண்ணே. கறுப்பா நின்னுருது.”

“டிஸ்க் போகப்போகுது.”

“போயிரக் கூடாதுண்ணே.” சட்டென்று சொன்னாள். “அவுக போன் அன்னைக்கே நொறுங்கிப்போச்சு. வீடியோ எல்லாம் இதுலதான் ஏத்தி வச்சிருந்தாவ. அனிஷாவுக்கு ஆகஸ்ட் நாலு கோயில்ல புதுநன்மை, முத தடவ நற்கருணை வாங்குதா. மே மாசம் எடுக்க வேண்டியது, அப்பா போனதால தள்ளிப்போச்சு. அன்னைக்குக் காலைல அப்பா சத்தத்த ஒரு தடவ கேக்கணும்ங்கா. ‘அப்பா சத்தம் மறந்துக்கிட்டே வருதும்மா’ங்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“ஒண்ணு விடாம எடுத்துத் தாரேன்” என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் இப்படி வாக்குக் கொடுத்ததில்லை.

ஜூலை 8, திங்கள்

மூடியைத் திறந்தேன். உள்ளே தகட்டில் ஒரு ஸ்டிக்கர். ரோலண்டின் கோழிக் கிறுக்கல்.

‘3200. 16-18-18-36. எட்டு மணி நேரம் ஓடிச்சு. டெரன்ஸ் தோத்தான்.’

அந்த டெரன்ஸ் நான்தான். சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

போகப்போகிற டிஸ்க்கை என்ன செய்ய வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்குப் பாடமே எடுப்பேன். நோண்டாமல், ஒழுங்காக ஓடுகிற ஒரு மெஷினில் மாட்டி, ஒரே தடவையில் நகல் எடுத்துவிட வேண்டும். அரை நாள் வேலை.

அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்த்தேன். ரோலண்டின் ரேம் இரண்டையும் கழற்றி என் போர்டில் மாட்டினேன். வேகம் கூடினால் வீடியோக்களைச் சரிபார்ப்பதும் சீக்கிரம் முடியும், அதற்காகத்தான்.

3200. 16-18-18-36. திரை வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நான்கு தடவை பேட்டரி கழற்றினேன். இந்த முறை அதற்கு நூல் கட்டி வைத்திருக்கிறேன், உருளாது.

ஐந்தாவது தடவை திரை வந்தது. 3200! கட்டிலில் கிடந்தபடியே கையைத் தட்டினேன். கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள்.

“எடுத்தாச்சா, ஜெசி வீட்டு வீடியோ?”

“இன்னும் இல்ல. இது வேற.”

ஸ்பேனரை எடுத்து நட்டைத் திருப்பிவிட்டுப் போனாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

ஜூலை 10, புதன்

சோதனை காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. ஒரு மணி நாற்பது நிமிடம், பிழை 0. மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் நிறுத்துவார்கள் என்று செய்தி வந்தது. எட்டு மணி நேரம் ஓட்ட வழியில்லை. டிஸ்க் வேறு காத்திருக்காது. சோதனையை நிறுத்திவிட்டு நகல் எடுத்தேன். ஒன்றரைக்குள் முடிந்தது.

212 வீடியோ. வேகம் 3200.

டெரன்ஸ் தோக்கல.

ஜூலை 11, வியாழன்

வேறு ஏதாவது இருக்கிறதா என்று டிஸ்க்கை மறுபடி ஓடவிட்டேன். டக்கு டக்கு நின்று, இரும்பை இரும்பால் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான், முடிந்தது. பரவாயில்லை, எல்லாம் என்னிடம் வந்துவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

ஜெசிந்தாவிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஒண்ணு போட்டுக் காட்டட்டுமா?”

“வேண்டாம்ணே. இப்போ பாத்தா உடைஞ்சுபோயிருவேன். அன்னைக்கு அனிஷாவோட சேந்து பாக்கேன். நீங்க மட்டும் இல்லன்னா...” முடிக்காமலே கேரியரை எடுத்துக்கொண்டு போனாள்.

இறால் தொக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

தேதிவாரியாக அடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் பதினாறும் நன்றாக ஓடின. ரோலண்ட் தேங்காய் உடைக்கிறான், அனிஷாவுக்குச் சைக்கிள் பிடிக்கிறான், கிறிஸ்துமஸ் மரத்தில் பல்பு எரியாததற்கு என்னைத் திட்டுகிறான். பதினேழாவதில் அவன் வாயைத் திறந்தான். பச்சைக் கட்டங்கள் வந்து முகத்தை மூடின. சத்தம் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். 31 கெட்டிருக்கின்றன. நீளமான வீடியோக்களாகப் பார்த்துக் கெட்டிருக்கின்றன, அவன் நிறையப் பேசுகிறவை எல்லாம் நீளமானவை. அனிஷாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடுகிற பிறந்தநாள் வீடியோ அந்த 31-ல் ஒன்று.

மதியம் நட்டைத் திருப்ப மறந்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

அதே எண்கள், அதே ரேம். இன்று சோதனையை நிறுத்தவில்லை. மூன்று மணி பத்து நிமிடத்தில் முதல் பிழை. ஒன்று என்று எழுதி வைத்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. ஒரே ஒரு இடத்தில். மாலைக்குள் பதினான்கு.

ரோலண்டின் போர்டில் அந்த எண்கள் எட்டு மணி நேரம் ஓடின. என் போர்டில் ஓடாது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினாலும் ஒவ்வொரு போர்டும் ஒரு தினுசு என்று எனக்குத் தெரியாதா? வீடியோக்கள் டிஸ்க்கிலிருந்து ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன. வழியில் என் ரேமில் தங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் மாறியிருக்கின்றன. மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. ‘எழுதி முடித்துவிட்டேன், எல்லாம் சரி’ என்றுதான் காட்டியது.

சென்னையில் செத்த டிஸ்க்கைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுப்பவர் ஒருவரைத் தெரியும். கிளாடிஸிடம் கொடுத்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.

“எல்லாம் வந்துருச்சுன்னிய?” என்றாள்.

“ஒரு சந்தேகம்.”

ஜூலை 19, வெள்ளி

ஜெசிந்தா வந்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

“கொஞ்சம் வீடியோ சரியா வரல ஜெசி. டிஸ்க்குல பழுது. சென்னைக்கு அனுப்பிருக்கேன்.”

அவள் முகம் விழுந்தது. ஆனால் என் மேல் ஒரு சொல் வரவில்லை.

“நீங்க என்னண்ணே செய்விய? இந்தக் காலோட இவ்வளவு செஞ்சதே பெருசு. அவுகதான் எதையும் ஒழுங்கா வச்சுக்க மாட்டாவ. கம்ப்யூட்டரும் அப்படி, வண்டியும் அப்படி. அசட்டை. அந்த அசட்டைதான் கொண்டுபோயிருச்சு.”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டினேன். இதையும் எழுதி வைக்கிறேன், சட்டம் அப்படி.

ஜூலை 20, சனி

ரோலண்ட் அசட்டையானவன் அல்ல. எட்டு மணி நேரம் ஓட்டாமல் எதையும் சரி என்று சொன்னதில்லை. அந்த வண்டியில் நாற்பதைத் தாண்டாதவன், நானே ‘கட்ட வண்டி’ என்று கேலி செய்வேன். அவன் வேகமாக ஓட்டினான் என்ற பேச்சு விபத்துக்குப் பிறகு வந்ததுதான். பேச்சு வந்த பிறகு, அவன் எப்போதுமே அப்படித்தான் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கும்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்தபோது போலீஸ்காரர் வந்தார். அவசரத்தில் இருந்தார். “வண்டி யார் ஓட்டுனது? பேர மட்டும் சொல்லுங்க.” அப்போது ரோலண்ட் உயிரோடு இல்லை என்று எனக்குத் தெரியுமா தெரியாதா?

(இங்கே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன்.)

தெரியும்.

ஜூலை 22, திங்கள்

கடைசி நட்டு. நாற்பத்தைந்து நாள், நாலரை சென்டிமீட்டர். இனி திருப்ப வேண்டாம், ஆனால் எலும்பு கெட்டியாக இன்னும் நாலு மாதம் வளையங்கள் இருக்கும். அதுவரை படி இறங்கக் கூடாது.

கிளாடிஸ் ஸ்பேனரைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். “எலும்பு அது பாட்டுக்குச் சொன்ன பேச்சு கேட்டு வளந்துருச்சு” என்றாள். அடுக்களைக்குப் போனாள்.

ஜூலை 24, புதன்

சென்னையிலிருந்து போன். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் கீறல் விழுந்துவிட்டதாம், யாராலும் ஒன்றும் எடுக்க முடியாது. “முத தடவையே நல்ல மெஷின்ல எடுத்திருந்தா வந்திருக்கும் சார்” என்றார். எனக்கே பாடம் எடுக்கிறார்.

ஆக, டிஸ்க் செத்துவிட்டது. இனி அதன் மேல் எந்தப் பழியும் போடலாம். அது எழுந்து வந்து இல்லை என்று சொல்லாது.

ஜூலை 26, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெசிந்தா கேரியரை மேசையில் வைக்கப் போனாள். “அத வைக்காத ஜெசி, உக்காரு” என்றேன். கேரியரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“டிஸ்க் பழுதுன்னு சொன்னது பொய். டிஸ்க் எல்லாத்தையும் ஒழுங்காத்தான் குடுத்துச்சு. நாந்தான் கெடுத்தேன். ரோலண்டோட ரேமை என் மெஷின்ல போட்டு, அவன் வேகத்துல ஓட்டணும்னு பாத்தேன். எட்டு மணி நேரம் சோதிக்கணும். ரெண்டு மணி நேரம்கூடச் சோதிக்கல. முப்பத்தொண்ணு போச்சு. இனி வராது.”

அவளுக்கு ரேம் புரிந்திருக்காது. நான் கெடுத்தேன் என்பது புரிந்தது.

“எதுக்குண்ணே?”

“அவன ஜெயிக்கணும்னு.”

“செத்தவுகளயா?”

அவள் கேரியரின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னையே சமாதானப்படுத்துவதுபோல, “சரி, விடுங்க. மத்தது இருக்குல்லா. அவுக செஞ்சதுக்கு இது ஒண்ணுமில்ல. உங்க காலையே எடுத்துட்டுல்ல போயிட்டாவ” என்றாள்.

அங்கேதான் என்னால் முடியாமல் போனது.

“வண்டி அவன் ஓட்டல ஜெசி. நான் ஓட்டுனேன்.”

அடுக்களையில் குழாய் நின்றது.

“ஆறுமுகநேரி பள்ளிக்கூடத்துல பதினெட்டு மெஷின் பாத்தோம். அவன் களைச்சுப்போயிருந்தான். சாவியக் குடுன்னு நாந்தான் வாங்குனேன். பழையகாயல் தாண்டி உப்பு லாரி நின்னுது. வேகமாப் போனது நான். போலீஸ் கேட்டப்போ அவன் பேரச் சொன்னேன். பயந்துட்டேன்.”

ஜெசிந்தா அழுவாள் என்று நினைத்திருந்தேன், கத்துவாள் என்று நினைத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாகப் பேசினாள்.

“மூணு மாசமா நான் அவுகளத் திட்டிக்கிட்டு இருக்கேன். தினமும். கல்லறையில போயி நின்னு திட்டிருக்கேன். எங்க ரெண்டு பேரையும் நெனைக்காம வேகமாப் போனியளே பாவின்னு. அனிஷா முன்னாலயே சொல்லிருக்கேன். அவளும் இப்போ சொல்லுதா, ‘அப்பாவுக்கு நம்ம மேல பாசம் இல்ல’ன்னு.”

எழுந்தாள். கேரியரை எடுத்துக்கொண்டாள். கதவருகே திரும்பி, “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்க கேட்டுக்கிட்டே இருந்திய” என்றாள்.

படிகளில் அவள் இறங்குவது கேட்டது. நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். எழுந்து போய்ப் பார்க்க எனக்குக் கால் இல்லை.

ஜூலை 27, சனி

இன்று காலை கிளாடிஸ் காபியை வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “ஆறுமுகநேரியில கிளம்பும்போது போன் பண்ணுனியல்லா. ‘நாந்தான் ஓட்டுதேன், அரை மணியில வந்துருவேன்’னு.”

அப்படிச் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது.

“ஏன் கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன். பொறவு, சொல்லிட்டா உங்களக் கூட்டிட்டுப் போயிருவாவளோன்னு நானும் பயந்தேன். அந்தப் பிள்ள கொண்டுவார சோறு எனக்குத் தொண்டையில இறங்கல.”

“கேஸ் வரும் கிளாடிஸ்.”

“வரட்டும். இந்த வீட்டுல மூச்சு விட முடியல எனக்கு.”

இந்த அறைக்குள் நான் மட்டும்தான் அடைந்து கிடப்பதாக நினைத்திருந்தேன்.

ஜூலை 31, புதன்

என் பழைய ரேம். 2666. கம்பெனி எண்கள், ஒன்றையும் தொடவில்லை. காலை ஏழிலிருந்து மாலை மூன்று வரை சோதனை. பிழை 0.

அதன் பிறகுதான் 181 வீடியோவையும் பென்டிரைவில் ஏற்றினேன். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். கிளாடிஸ் கொண்டுபோய் ஜெசிந்தா வீட்டில் கொடுத்தாள். ரோலண்டின் ரேமையும் அவன் மெஷினிலேயே திருப்பி மாட்டிவிட்டேன். ஸ்டிக்கர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது சொல்வது சரிதான்.

“என்ன சொன்னா?”

“வாங்கிக்கிட்டா. கதவச் சாத்திக்கிட்டா.”

ஆகஸ்ட் 2, வெள்ளி

வரமாட்டாள் என்றுதான் இருந்தேன். நாலு மணிக்குப் படியில் காலடி. கேரியர் இல்லாமல் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை, எப்படியும் கூப்பிடவில்லை. கிளாடிஸ் அடுக்களையிலிருந்து வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அவுக பின்னாலதான உக்காந்திருந்தாவ?”

“ஆமா.”

“ஏதாவது பேசுனாவளா?”

மூன்று மாதமாக இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. வண்டி ஓட்டுகிறவன் பின்னால் இருப்பவன் காதில் எப்படிப் பேசுவான்? போலீஸிடம் ஒரு பெயரை மாற்றிச் சொன்னேன், அதோடு அவன் கடைசியாகப் பேசியதும் போயிருந்தது. ஆனால் அது என் காதை விட்டு ஒரு நாளும் போகவில்லை.

“பேசுனான்” என்றேன்.

அவள் போனை எடுத்து, ஒலிப்பதிவைத் தொட்டு, என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். “அவுக சொன்னத அப்படியே சொல்லுங்க. ஒண்ணையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.”

“மெதுவாப் போ. மூவாயிரத்து இருநூறுல ரேம் போனாப் போதும், வண்டி போக வேண்டாம். செருப்புக்கடை எட்டரை வரைக்கும் இருக்கும். இன்னைக்கு இல்லன்னா ஷூவ நாளைக்கு வாங்கிக்கிடலாம். எம்பிள்ள கால் ஒரு நாள்ல வளந்துராது.”

போனை நிறுத்தி, போட்டுக் கேட்டாள். புருவத்தைச் சுருக்கினாள்.

“‘ஏல’ன்னு சொல்லலியா? உங்ககிட்டப் பேசுனா ‘ஏல’ இல்லாம ஆரம்பிக்க மாட்டாவளே.”

“சொன்னான்.”

“அப்போ அதையும் சேத்துச் சொல்லுங்க.”

மறுபடி சொன்னேன். நடுவில் ஒரு சொல் விட்டுப்போனது. அவள் அழித்துவிட்டு, “இன்னொரு தடவ” என்றாள். மூன்றாவது தடவை முழுதாக வந்தது. என் குரல்தான், ஆனால் ‘ஏல’ மட்டும் எப்படியோ அவன் சொல்வதுபோல் வந்துவிட்டது. ஜெசிந்தா அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“அனிஷாவுக்குப் போட்டுக் காட்டுவேன். அப்பா மெதுவாப் போகச் சொன்னாவன்னு அவ கேக்கணும். திங்கக்கிழமை ஸ்டேஷன்ல இருந்து ஆள் வருவாவ, நான் எழுதிக் குடுத்துட்டேன். அவுககிட்டயும் இதே மாதிரி சொல்லணும்.”

“சொல்லுவேன்.”

எழுந்து கதவு வரை போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே பேசினாள்.

“நேத்து அனிஷா புதுநன்மைக்கு வெள்ளை ஷூ வாங்குனேன். ஏப்ரல்ல பாத்து வச்சிருந்த சைஸ் பத்தல. ஒரு சைஸ் பெருசா வாங்க வேண்டியதாப்போச்சு.”

இறங்கிப் போனாள். முப்பத்தெட்டு படியையும் எண்ணினேன். இந்த முறை அவள் எங்கும் நிற்கவில்லை.